காய்கறியில் நஞ்சளக்கும் கருவியும் அதன் கலப்பானும்

மண்டூர்த் தோட்டங்களிற் பறித்த கத்தரியும் பயிற்றையும் வாவியைக் கடந்து சந்தையை அடைந்தபின், அவற்றில் எஞ்சிய பூச்சிநாசினி எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டோ நாவாற் சுவைத்தோ கூறவியலாது. ஆய்வுகூடத்துத் திரவ நிறப்பதிவுக் கருவியே அதனைக் கூறும். கமக்காரரின் விளைவு ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் அதன் சொல்லைப் பொறுத்ததாகலாம். ஆதலால் அக்கருவி இயங்கும் வகையைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று.

இம்முறை பிறந்ததும் இலையிலேதான். உருசியத் தாவரவியலாளர் சுவெட், சீமைச்சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, அதன் நிறங்கள் வெவ்வேறு பட்டைகளாகப் பிரிந்ததை 1906 ஆம் ஆண்டு விளக்கி எழுதினார். நிறப்பதிவு என்னும் பெயர் அதனால் வந்தது. இன்று உருக்குக் குழாயினூடே நீரையும் மெதனோல் போன்றதொரு கரைப்பானையும் பம்பி செலுத்துகின்றது. முதலில் நீர் மிகுதி. வரவரக் கரைப்பான் மிகுதி. குழாயுள் ஒட்டிய நஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவரும். வெப்பத்திற் சிதையும் காபோபியூரான் போன்றவற்றை அளக்க இம்முறை மிகவும் ஏற்றது.

இவ்விரு திரவங்களையும் ஒன்றாக்கும் சிறு உறுப்பே கலப்பான். தெளிகருவித் தாங்கியில் மருந்து சரிவரக் கலவாவிடின் ஒரு பாத்தியிற் பயிர் கருகும். அடுத்த பாத்தியிற் பூச்சி பிழைக்கும். இங்கும் அவ்வாறே. கலவை சீரற்றதாயின் கருவி வரையும் கோடு வாவியலைபோல் நெளியும். சிற்றளவான நஞ்சு அந்நெளிவுள் மறைந்துபோகும். அப்படியாயின் மிகப் பெரிய கலப்பானை வாங்கிவிடலாமே எனத் தோன்றும். அதுவும் தவறு. அரை மில்லிலீற்றர் கொள்ளும் கலப்பானூடாக நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் ஓடும்போது, கலவையின் மாற்றம் அரை நிமிடம் பிந்தும். ஓட்டம் 0.25 மில்லிலீற்றர் ஆயின் 2 நிமிடம் பிந்தும். மாற்றமும் மழுங்கும், ஒவ்வொரு மாதிரிக்கும் காலம் கூடும்.

ஆகவே கலப்பானின் கொள்ளளவு ஓட்டத்துக்கு அமைய வேண்டும். ஒளியை அளந்து நஞ்சறியும் கருவியில் நெளிவு நன்கு தெரியுமாதலால் சற்றுப் பெரியது வேண்டும். ஒடுங்கிய குழாயும் மெதுவான ஓட்டமும் கொண்டு, மூலக்கூற்றின் திணிவால் நஞ்சை இனங்காணும் கருவிக்குப் பெரும்பாலும் சிறியதே போதும். கலப்பானை மாற்றினால், பெயரறிந்த நஞ்சுகளை மீண்டும் செலுத்தி அவை வெளிவரும் நேரங்களைப் புதிதாகக் குறித்தல் வேண்டும். பழைய நேரங்களை நம்பி ஒரு நஞ்சை வேறொன்றென எழுதிவிட்டால், தாம் தெளியாத மருந்துக்குக் கமக்காரர் பழி சுமக்க நேரும்.

கமக்காரர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தெளித்த மருந்தின் பெயர், அளவு, தெளித்த நாள், பறித்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து மாதிரியுடன் கொடுத்தால், எந்நஞ்சை முதலில் தேடுவதென ஆய்வாளர் அறிவர். போத்தலின் சுட்டுத்துண்டையும் கிழித்தெறியாது வைத்திருத்தல் நலம். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.