அப்பா என்னும் விளி

புதிய ஏற்பாட்டில் அப்பா என்னும் அரமேயச் சொல் 3 இடங்களில் மட்டுமே வருகின்றது. மாற்கு நற்செய்தியில் இயேசுவின் வாய்மொழியாக ஒரு முறையும், உரோமையர்க்கும் கலாத்தியர்க்கும் பவுல் எழுதிய திருமுகங்களில் ஒவ்வொரு முறையும் அதனைக் காணலாம். மூன்றிடத்தும் தந்தை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அதனைத் தொடர்ந்து நிற்கின்றது. தமிழில் பெயர்த்தோர் அரமேயச் சொல்லை அவ்வாறே வைத்தனர். அடுத்த சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பினர் பிதா என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தார் தந்தை என்றும் அமைத்தனர். ஒலி ஒத்தமையால் தமிழர்க்கு இஃது அயற்சொல்லாகவே தோன்றுவதில்லை. அதனாலேயே, விவிலியம் கூறும் தந்தையன்பு குழந்தையிடத்துக் காட்டும் குழைவே எனப் பொருள்கொள்ளுதல் எளிதாகிவிடுகின்றது.

இக்கருத்துக்கு அறிஞர் துணையும் இருந்தது. செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், இச்சொல் மழலைமொழியில் தோன்றியது என்றார். ஆயினும் அது வளர்ந்தோர்க்கும் உரியதாய் இருந்தமையை அவர் மறுத்தாரல்லர். அவர் வழிவந்தோரோ முற்பகுதியை மட்டுமே பற்றிக்கொண்டனர். 1988-இல் ஜேம்ஸ் பார் இதனை மறுத்து, மழலைப் பொருளே கருதப்பட்டிருப்பின் கிரேக்கத்தில் அதற்குரிய செல்லச்சொல் இருக்கவும் நற்செய்தியாளர் அதனை ஆளாமல் விட்டதேன் என வினவினார். இவ்வினா வலிவுடையது. அறுபது அகவை மகனும் தந்தையை அப்பா என்றழைக்கும் நாட்டில் இதனை விளக்கவும் வேண்டுமோ?

பவுலின் கூற்றே இதற்குத் தக்க சான்று. கலாத்தியர் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரம், உரிமைமகன் சிறுவனாய் இருக்குங்காறும் காப்பாளர்க்கு அடங்கி, அடிமையின் வேறாகாது வாழ்தலை முதலில் கூறுகின்றது. அப்பருவம் கழிந்து மகன்மையுரிமை பெற்ற பின்னரே அப்பா என்னும் குரல் எழுகின்றது. எனவே, அது பருவமெய்தி உரிமை பெற்றவனின் குரலாகும். மாற்கு நற்செய்தியிலோ, கெத்சமனியில் துன்பக் கிண்ணத்தை அகற்றுமாறு வேண்டும்போது இயேசு இவ்வாறு விளிக்கின்றார். கிண்ணம் அகற்றப்படவில்லை. வேண்டுகோளும் பணிவும் அவ்வொரு விளியின்கீழ் ஒருங்கே நிற்கின்றன.

இனி, தந்தையின் பக்கம் நின்று நோக்குவோம். பழைய ஏற்பாட்டில் இறைவனைத் தந்தையெனக் கூறுமிடங்கள் மிகுதியல்ல. அவ்வன்பின் ஆழத்தை ஓசேயாவின் 11-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எகிப்தினின்று அழைத்த மகனுக்கு நடைபயிற்றிய இறைவன், அவன் விலகிச் சென்றமை கண்டு சினங்கொள்கின்றான். அடங்காத மகனை ஊர்ப் பெரியோர்முன் நிறுத்திக் கல்லெறிந்து கொல்ல இணைச்சட்டத்தின் 21-ஆம் அதிகாரம் இடந்தருகின்றது. சட்டம் அவ்வாறிருக்க, ஓசேயா காட்டும் இறைவன் தன் நெஞ்சம் தனக்குள்ளே புரள்வதாகக் கூறுகின்றான். ஆண்டு வரும் எபிரேய வினைச்சொல், தொடக்கநூலில் சோதோம் நகர் கவிழ்க்கப்பட்டமையைக் குறிக்கும் அதே வினையாகும். அந்நகரோடு அழிந்த அத்மா, செபோயிம் என்னும் ஊர்களின் பெயர்களும் அவ்வடியிலேயே உடன் வருகின்றன. மகன்மேல் விழவேண்டிய கவிழ்வு தந்தையின் நெஞ்சில் நிகழ்கின்றது எனப் புலவர் அமைத்த நயம் மொழிபெயர்ப்புகளில் மறைந்துவிடும். மகனை அழியாது விட்டமைக்கு இறைவன் கூறும் காரணமும் கருதத்தக்கது. தான் தந்தை என்பதை அவன் காரணமாகக் காட்டவில்லை. தான் மனிதன் அல்லன், இறைவன் என்பதையே காட்டுகின்றான்.