குரங்கும் உண்ணிச்செடியும்

மலையடிவாரக் கிராமங்களில் மானாவாரி நிலக்கடலையும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயிகளுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று நாட்டுக் குரங்கு, மற்றொன்று உண்ணிச்செடி. குரங்கைக் கண்டால் ஊரே கல்லெடுத்து ஓடுகிறது. வரப்போரத்தில் பூத்து நிற்கும் உண்ணிச்செடியையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. உயிர்வேலியாக நட்டு வளர்ப்பாரும் உளர்.

உண்மையில் குரங்கு இம்மண்ணுக்கு உரியது. தலையில் குல்லாய் வைத்தாற்போல மயிர் படர்ந்த இவ்வினம் தென்னிந்தியாவையும் அதையொட்டிய பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. பெண் குரங்கு ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே போடும். உண்ணிச்செடியோ அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு, பின் காடெங்கும் பரவியது. இது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை; மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது.

இரண்டுக்கும் தொடர்பும் உண்டு. கறுத்துப் பழுத்த உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று விதையைப் பரப்புகின்றன. குரங்கும் அப்பழத்தைத் தின்னும். ஆகவே வேலியில் பழம் இருப்பது குரங்குக்கு விருந்து வைத்தது போலாகும். புதரின் மறைவில் காட்டுப்பன்றியும் தங்கும்.

குரங்கு கடலையைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய்விடும். நட்டம் அந்தப் போகத்தோடு சரி. உண்ணித்தழை மாட்டையே கொன்றுவிடக் கூடும். பழகிய மாடுகள் இதை முகர்ந்து ஒதுக்கிவிடும். கோடையில் பசுந்தீவனம் இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடுகளும் இதைத் தின்றுவிடுவது உண்டு. கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். அத்தகைய மாட்டை உடனே நிழலில் கட்டி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

உண்ணிச்செடியை வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது, பழம் பிடிப்பதற்கு முன், தரைமட்டத்திற்கு ஓரிரு அங்குலம் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வெறும் நிலமாக விடாமல் கொழுக்கட்டைப் புல் விதைத்தல் நலம். மறு மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

குரங்குக்கு இத்தகைய தீர்வு இல்லை. பிடித்து வேறிடத்தில் விட்டால் தொல்லை அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவுதான். விஷம் வைப்பது கூடவே கூடாது. சோறும் பழமும் போட்டுப் பழக்காதிருப்பதும், கடலை முற்றும் வாரங்களில் அண்டை நிலத்தார் முறைவைத்துக் காவல் இருப்பதுமே ஓரளவு பயன் தரும்.