வீட்டுப் பீடம்
முத்துக்குளித்துறை கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம்

மாதா சுரூபம், பாடுபட்ட சிலுவை, மெழுகுதிரி. கடலோர வீடுகளின் முன்னறையில் இப்படியொரு பீடம் இருக்கும். அந்தி மணி அடித்ததும் திரியேற்றிச் செபமாலையைத் தொடங்குவது பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்தான். 53 அருள்நிறை மந்திரம் முடிவதற்குள் தூங்கி விழும் பிள்ளைக்குத் தொடையில் ஒரு கிள்ளும் கிடைக்கும்.

இக்கரையின் கடலோடிச் சமூகமான பரதவர் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தமிழில் செபங்களைக் கற்பித்தார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ்ச் செபநூல் அச்சானது. குருவானவர் எட்டிப் பார்க்காத நாள்களில் செபங்களை மறக்கவிடாமல் வைத்திருந்ததில் தாய்மாரின் பங்கு பெரிது.

சுவரில் செருகியிருப்பது குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலை. அடுத்த ஆண்டு விபூதிப் புதனுக்கு அதையே எரித்துச் சாம்பலாக்குவார்கள்.

பீடத்துச் சீசாவில் இருப்பது தீர்த்தம், அதாவது மந்திரித்த தண்ணீர். தண்ணீரைப் பொறுத்தவரை பெண்ணின் கைக்கும் பங்குண்டு. முற்காலத்தில் கோயிலில் முக்காடிட்டு நின்ற பெண், பூசைப் பீடத்தில் பணிசெய்ய முடியாதவளாக இருந்தாள். ஆனால் பிறந்த குழந்தை பிழைக்காது என்ற நிலை வந்தால், மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்; திருச்சபை அதைச் செல்லும் என்றே ஏற்கிறது. அதற்கு மந்திரித்த தண்ணீர்கூட வேண்டியதில்லை, கிணற்றுத் தண்ணீர் போதும்.