‘லோடிங்’: விளையாட்டு ஏன் காத்திருக்க வைக்கிறது?

வீட்டில் தம்பிமார் தொலைபேசியில் ஒரு கேமைத் திறந்ததும் திரையில் சிறு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. ‘லோடிங்’ என்கிறோம். அந்த நேரத்தில் உள்ளே நடப்பது என்ன?

திம்புள்ளயில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது இலகு. கொழுந்து மலையில் இருக்கிறது. அரைக்கும் இயந்திரம் தொழிற்சாலையில் இருக்கிறது. இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் லொறி வந்து சேராவிட்டால் அதற்கு வேலையில்லை. கணினியும் அப்படித்தான். விளையாட்டின் படங்களும் ஒலிகளும் சேமிப்பகத்திலிருந்து தற்காலிக நினைவகத்துக்கு வந்த பிறகே ஆட்டம் தொடங்கும். அந்தப் பயண நேரமே லோடிங்.

1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினி, பாட்டுக் கேட்கும் சாதாரண கசெட்டிலிருந்தே விளையாட்டை வாசித்தது. 48 கிலோபைற் ஏற ஏறத்தாழ 5 நிமிடங்கள் சென்றன. 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபமிகொம் பெட்டியில் காத்திருப்பே இல்லை எனலாம். காட்ரிட்ஜில் இருந்த சில்லு நேரடியாகக் கணினியுடன் இணைந்தது. தொழிற்சாலைக்குள்ளேயே தேயிலைச் செடி வளர்ந்ததுபோல.

1994இல் பிளேஸ்டேஷன் சீடிக்கு மாறியது. இடம் பெருகியது, வேகம் குறைந்தது. செக்கனுக்கு 300 கிலோபைற் வீதம் வந்ததால் 2 மெகாபைற் நினைவகம் நிரம்பவே 7 செக்கன் ஆனது. தாமதத்தை மறைக்க உத்திகள் பிறந்தன. 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவில் விளையாட்டில் கதவொன்று மெல்லத் திறக்கும். அதற்குள் அடுத்த அறை ஏறிவிடும். நாம்கோ நிறுவனம் காத்திருக்கும் நேரத்தில் ஆட ஒரு குட்டி விளையாட்டையே கொடுத்தது.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் சேமிப்பகம் செக்கனுக்கு 5.5 கிகாபைற் அனுப்பும். 16 கிகாபைற் நினைவகம் நிரம்ப மூன்று செக்கன் போதும்.

ஆனால் பாதை அகன்றால் மட்டும் போதாது. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ ஒன்லைன் திறக்கப் பல நிமிடங்கள் எடுப்பதைப் பல ஆண்டுகளாக மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். 2021இல் ஒரு தனிநபர் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 63,000 பொருட்கள் கொண்ட பட்டியலை வாசிக்கையில், ஒவ்வொரு பொருளுக்கும் மீதிப் பட்டியல் முழுவதையும் நிரல் மீண்டும் அளந்துகொண்டிருந்தது. அதைத் திருத்தியதும் அவரது கணினியில் காத்திருப்பு ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. நிறுவனம் திருத்தத்தை ஏற்று அவருக்கு 10,000 டொலர் வழங்கியது.

தகவல் தொழினுட்பம் கற்கும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும். புதிய கருவி வாங்க முடிந்தவருக்குக் காத்திருப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது. மலையில் சிக்னல் தேடி, பழைய தொலைபேசியோடு இருப்பவரின் காத்திருப்பைக் குறைக்க, நிரல் எழுதுபவர் எடுக்கும் கவனமே மிஞ்சியிருக்கிறது.