காய்ந்த மனையில் வாய்க்காலைத் தேடுங்கள்

சித்திரை, வைகாசியில் ஆவடி வட்டத்து வெள்ளானூர்ப் பக்கம் மனையும் வீடும் பார்க்க வருகிறவர்கள் அதிகம். பள்ளி விடுமுறை, ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்கும் அவசரம் வேறு. கட்டாந்தரையைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர்கள் கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைப் புறநகர் பட்ட பாட்டுக்குப் பிறகும் வாங்குபவரின் கேள்வி சதுர அடி விலையோடு நின்றுவிடுகிறது. கிணற்று நீர்மட்டம் அறியக் கோடை நல்ல காலம்தான். மழைநீர் போகும் வழியை அறிய அது உதவாது. ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலை இரண்டு லாரி செம்மண் மறைத்துவிடும்.

மண்ணில் மறைந்தது நில அளவைப் புலப்படத்தில் மறையாது. சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டா, நில வகையைச் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுங்கள். உங்கள் எண் ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். உங்கள் மனை சுத்தமான பட்டா நிலமாக இருக்கலாம். ஒட்டியுள்ள எண் வாய்க்கால் புறம்போக்காகவோ ஏரியாகவோ இருந்து, அதைத் தூர்த்திருந்தால் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஆகவே நான்கு பக்கத்து எண்களையும் கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தாழ்வான இடத்து மனைப்பிரிவுக்குத் தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று நீர்வளத் துறை நிபந்தனை விதிப்பது வழக்கம். அந்த நிபந்தனைக் கடிதத்தின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் எண்ணும் வரைபடமும் கையில் வர வேண்டும்.

"பத்திரம் பதிவாகிறது, வங்கி கடன் தருகிறது, மின் இணைப்பும் இருக்கிறது" என்பார்கள். பதிவு அலுவலகம் விற்பவரின் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும், பள்ளத்தைக் காட்டாது. வங்கியின் வழக்கறிஞர் தேடுவது கடனுக்கான பாதுகாப்பை. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பது அவருடைய கேள்வியே அல்ல. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய அலுவலகங்களோ, வெள்ளம் வந்த பிறகுதான் ஆக்கிரமிப்பைக் கண்டுபிடிக்கின்றன.

இந்த நகல்கள் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதுங்கள்: அ-பதிவேட்டுக்கு ஆவடி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர், நிபந்தனைக் கடிதத்துக்கு நீர்வளத் துறை. 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற பயமே முன்பணத்தைப் பறிக்கிறது. வாங்கிக்கொள்ளட்டும். பதில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் (ரெரா) பதிவான திட்டம் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கவே கூடாது. "வெள்ளம் வராத பகுதி" என்ற விளம்பரத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். விளம்பரத்தின் பொய்யை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர், விலகிக்கொண்டு வட்டியோடு முழுத் தொகையையும் கேட்க ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. ரெரா ஆணையத்துக்குத் தரும் புகாரோடு அந்தத் தாளையும் பணம் கட்டிய ரசீதையும் இணையுங்கள்.