வீரனுக்கும் மூளை உண்டு

“என் முறை வந்தா கூப்பிடுடா. பகடையை உருட்டிட்டு மறுபடியும் போனைப் பார்க்கிறேன்.”

கடந்த விடுமுறையில் என் நண்பன் சொன்ன இந்த வார்த்தை என்னைச் சுட்டது. நாங்கள் ஐந்து பேர் வார இறுதிகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுவோம். கதையை நடத்துபவன் நான். அவனுடைய பாத்திரம் போர்வீரன். மூன்று மணி நேரத்தில் அவன் பேசியது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “வெட்டுறேன்.”

அவன் உயர்நிலைப் பள்ளியில் ஓட்டப்பந்தய வீரன். ‘விளையாட்டுப் பிள்ளை, யோசிக்கிற வேலையை மற்றவர்களிடம் விடு’ என்று கேட்டே வளர்ந்தவன். என் மேசையிலும் அவனுக்கு அதே இடத்தைத்தான் கொடுத்திருக்கிறேன் என்பது அன்று புரிந்தது.

எட்டு போதுமா?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி ஆகியவை உடல் சார்ந்தவை. அறிவாற்றல், விவேகம், வசீகரம் ஆகியவை மனம் சார்ந்தவை.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை ஆறு திறன்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். போர்வீரனை உருவாக்கும் பலரும் வலிமைக்கு 15, உடலுறுதிக்கு 14 கொடுத்துவிட்டு, கடைசி 8ஐ அறிவாற்றலில் போடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. விவேகம் குறைந்தால் மனத்தைக் கட்டும் மந்திரங்களில் வீரன் எளிதில் சிக்குவான். அறிவாற்றல் குறைந்தால் சண்டையில் அவனுக்கு அநேகமாக நட்டமே இல்லை.

பழைய பதிப்புகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில், எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிடுவது, காலை வாரிவிடுவது போன்றவற்றில் சிறப்புத் தேர்ச்சி பெற அறிவாற்றல் குறைந்தது 13 இருக்கவேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அது நுழைவுச்சீட்டு மாதிரி. 13ஐக் காட்டி உள்ளே போனபின், 18 வைத்திருப்பவனின் உத்தி அதைவிடக் கூர்மையாகிவிடாது.

எங்கள் மூன்று விதிகள்

நானும் நண்பனும் உட்கார்ந்து மூன்று விதிகளை எழுதினோம்.

முதலாவது, அறிவாற்றல். சண்டையின்போது வீரன் தன் நகர்வில் பாதியை விட்டுக்கொடுத்து எதிரியைக் கவனிக்கலாம். 20 பக்கப் பகடையில் 12 அல்லது அதற்குமேல் வந்தால், எதிரியின் பலவீனம் ஒன்றை நான் சொல்லவேண்டும்.

இரண்டாவது, விவேகம். எதிரி பின்வாங்கினால் அது பயமா, பொறியா என்று வீரன் கேட்கலாம்.

மூன்றாவது, வசீகரம். எதிரிகளில் பாதிப் பேர் விழுந்துவிட்டால், மிச்சமிருப்போரைச் சரணடையச் சொல்லி வீரன் குரல் கொடுக்கலாம்.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. அறிவாற்றலை அதிகம் வைத்திருப்பவர் மந்திரவாதி. எதிரியைக் கவனிப்பதிலும் அவரே கெட்டிக்காரராகிவிட்டால் வீரன் மறுபடியும் ஓரத்துக்குப் போவான். அதனால் போர்ப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தங்கள் தேர்ச்சிப் புள்ளியையும் இந்த உருட்டலில் சேர்க்கலாம் என்று வைத்தோம்.

இன்னொன்றிலும் உறுதியாக இருந்தோம். 8 வைத்திருப்பவருக்குப் புதிய தண்டனை எதுவும் இல்லை. 14 வைத்திருப்பவருக்குப் பலன் உண்டு, அவ்வளவுதான். 8 என்றால் உருட்டலில் ஒன்று கழியும், 14 என்றால் இரண்டு கூடும். வித்தியாசம் மூன்று. 20 பக்கப் பகடையில் அது 15 விழுக்காடு வாய்ப்பு.

என்ன மாறியது?

நண்பன் தன் வீரனைத் திருத்தி எழுதினான். அறிவாற்றலுக்கு 14, உடலுறுதிக்கு 13. இதனால் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உயிர்ப்புள்ளி குறைந்தது. “பரவாயில்லடா, யோசிக்கிறதுக்கு விலை இருக்கட்டும்” என்றான்.

அடுத்த வாரம் கோப்ளின் கூட்டம் ஒன்று குகைக்குள் பின்வாங்கியது. மற்ற மூவரும் துரத்தத் தயாரானார்கள். “நில்லுங்க” என்றான் அவன். பகடையில் 16. அது பொறி என்று சொன்னேன். அடுத்த கால் மணி நேரம் திட்டம் போட்டவன் அவன்தான். எங்கே நிற்பது என்று மந்திரவாதியே அவனிடம் கேட்டார். போன் பையிலேயே இருந்தது.

நீங்களும் நண்பர்களுக்குக் கதை நடத்துபவரா? மூன்றையும் ஒரேயடியாகக் கொண்டுவர வேண்டாம். ஒரு விதியை ஓர் ஆட்டத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். முடிந்ததும் வீரனாக ஆடியவரிடம் கேளுங்கள். எங்கள் முதல் வரைவில் கவனிக்கும் உருட்டலுக்கு 15 வேண்டும் என்று வைத்திருந்தேன். அது அதிகம், 12 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவன் என் நண்பன்தான்.