பேத்திக்கு ஒரு கேள்வி

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. இனி எவருக்கும் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று கள்ளிக்காட்டில் நிம்மதியாக இருந்தவனிடம், சென்ற ஆடி மாதம் ஒரு மாலை என் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். பதினோராம் வகுப்பில் வரலாறு எடுத்துப் படிக்கிறாள். தானாகவே ஆராய்ந்து ஒரு புராஜெக்ட் எழுத வேண்டுமாம்.

"பாட்டா, தலைப்பு வேண்டாம், கேள்வி கொண்டு வரணும்னு டீச்சர் சொல்லிட்டாவ" என்றாள்.

அந்த ஆசிரியையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மீது மதிப்பு உண்டாயிற்று. முப்பதாண்டுகள் வகுப்பெடுத்த நான் தலைப்புக் கொடுத்தேனே தவிர, கேள்வி கேட்கச் சொன்னதில்லை. 'மார்த்தாண்டவர்மா' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதி வருவார்கள். நானும் நாற்பது முறை சரி போட்டுக் கொடுப்பேன்.

அவள் முதலில் எழுதி வந்தது, 'திருவிதாங்கூரின் வரலாறு என்ன?' என்பது. நாகமையா 1906-இல் மூன்று தொகுதிகளும், வேலுப்பிள்ளை 1940-இல் நான்கு தொகுதிகளும் எழுதிய பொருளை நீ இருபது பக்கத்தில் அடைப்பாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டாள்.

அடுத்து வந்தது, 'நெய்யாற்று நீர் யாருக்குச் சொந்தம்?'. நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. அணை நம் வாசலில் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டு வயல்களுக்குப் போகிறது. அங்கே பாசனம் பெற வேண்டிய நிலம் ஏறத்தாழ 9,200 ஏக்கர் என்பது தமிழ்நாட்டரசின் கணக்கு. 2004-இல் கேரளம் அந்தத் தண்ணீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. "மக்களே, இது நீதிபதிகள் சொல்ல வேண்டிய தீர்ப்பு. நீ வழக்கறிஞராகப் போகிறாயா, வரலாறு எழுதப் போகிறாயா?" என்றேன். முகம் வாடிவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது கேள்வியை நானே எடுத்துக் கொடுத்தேன்: 'நெய்யாற்றின்கரைத் தமிழர் ஏன் தாய்த்தமிழகத்தோடு சேர முடியாமல் போயிற்று?'. சொல்லும்போதே என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1964 வாக்கில், நான் படித்த பள்ளியில், 'எங்கள் வட்டாரம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி, வீட்டில் கேட்டபடி எழுதினேன். ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதெல்லாம் எதற்கு? தென்னை மரத்தைப் பற்றி எழுது" என்றார். தென்னை மரத்தைப் பற்றி எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அறுபது ஆண்டுகளாக அந்தக் கட்டுரை என் தொண்டையிலேயே நிற்கிறது. அதைப் பேத்தியின் கையால் எழுதிவிடப் பார்த்தேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில் பசல் அலி ஆணையத்தின் 1955-ஆம் ஆண்டு அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தென் வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையை முழு வட்டமாக எடுத்துப் பார்த்தால் தமிழ் பேசுவோர் சிறுபான்மை. அதனால் அது கேரளத்தில் நின்றது. "அவ்வளவுதான் பாட்டா, விடை வந்தாச்சு. இனி இருபது பக்கம் என்னத்த எழுத? உங்க கேள்வியில 'முடியாமல்'னு ஒரு சொல் இருக்கே, அது கேக்குறதுக்கு முந்தியே பதில் சொல்லுது" என்றாள்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் அடி வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோபமும் வந்தது. அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் என் அக்கா வந்திருந்தாள். எண்பத்து நான்கு வயது. எங்கள் அப்பா இடதுகரைக் கால்வாய் வெட்டில் மண் சுமந்தவர். வேலை தொடங்கியபோது இரு கரையும் திருவிதாங்கூர்–கொச்சி என்ற ஒரே மாநிலம்தான். அணை முடிந்தது 1958-இல். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் எல்லை விழுந்தது. அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே தற்செயலாகச் சொன்னாள்: "விளவங்கோட்டுப் பக்கத்துலேருந்து வேலைக்கு வந்தவிய நம்ம திண்ணையிலதான் படுத்துக் கிடப்பாவ. அம்மா கஞ்சி காச்சிக் குடுப்பா."

பேத்தி நிமிர்ந்தாள். "நவம்பர் ஒண்ணுக்குப் பொறவும் வந்தாவளா, அத்தைப்பாட்டி?"

அக்கா யோசித்தாள். "வந்தாவன்னுதான் நெனைக்கேன். கொஞ்ச நாள் கழிச்சு வரல. அது எல்லையினாலயா, வேல முடிஞ்சதினாலயா, எனக்குத் தெரியாது."

அந்தத் 'தெரியாது'வில்தான் கேள்வி இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள்: 'நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வேலையிலும் வேலையாட்களிடத்திலும், 1956 முதல் 1960 வரை, மாநில எல்லைப் பிரிவினை என்ன மாற்றத்தை உண்டாக்கியது?'

கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஆண்டு வரம்பு உண்டு, இடம் உண்டு, தேடிப்போகச் சான்றும் உண்டு. திருவனந்தபுரம் நளந்தாவில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டலாம். 1829-இல் தொடங்கிய பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கேட்கலாம். எழுத்தில் அகப்படாத கூலியும் கஞ்சியும் அக்காவைப் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். அக்கா சொல்வது என்பதாலேயே அது சரியாகிவிடாது என்று பேத்தியே எனக்குச் சொன்னாள்.

"ஒண்ணுமே மாறலன்னு வந்தா?" என்று ஒரு சந்தேகமும் கேட்டாள்.

"அப்படியே எழுது" என்றேன். மாறியிருக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆசிரியை கேள்வியை ஏற்றுக்கொண்டார். மலையாளத்தில் எழுத வேண்டும். அக்கா சொல்வதை மட்டும் தமிழில் அப்படியே கொடுத்து, கீழே மொழிபெயர்ப்புச் சேர்க்கலாமாம்.

ஆவணக் காப்பகத்துக்குப் பள்ளியின் கடிதம் வாங்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அதற்குள் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. கோப்பு காத்திருக்கும், அக்கா காத்திருப்பாளா என்று பயந்துவிட்டோம். வீடு திரும்பிய அன்றே பேத்தி கைபேசியைத் தலையணை ஓரத்தில் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். நான் திண்ணையில் இருந்தேன். அறைக்குள் வரக்கூடாது, நான் இருந்தால் அத்தைப்பாட்டி எனக்குப் பிடித்த மாதிரிச் சொல்வாள் என்று கட்டளை.

கதவிடுக்கில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. கூலி சனிக்கிழமைதான் கிடைக்கும் என்று தொடங்கினாள்.